உம்முடைய துவக்குக்கு ஏற்ற அச்சு

மச்சாள்,

இன்று காலை, நான் இப்போது வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டியின் கைகளுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தேன். வழமையாக வாங்கும் கிறீம் முடிந்துபோய்ப் புதிதாக ஒன்று வந்திருந்தது. மூடியைத் திறந்ததுமே மணம் எழுந்தது. ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பின் மணம். நனைந்த கம்பளிச் சட்டையை ஹீற்றரில் காயப்போட்டால் வருமே, அது. உம்முடைய விரல்கள் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் மணக்கும். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை அச்சுக்குள் தள்ளுமுன் அதே கொழுப்பைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவுவீர். பிறகு சோப் போட்டுக் கழுவினாலும் போகாது. அந்தக் கையோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்து பிட்டுக் குழைப்பீர்.

"ஏன் சிரிக்கிறாய்?" என்று மூதாட்டி கேட்டார்.

"என் மச்சாளை நினைத்தேன். அவவும் இதைத்தான் பாவிக்கிறவ."

"கைக்கா?"

"இல்லை. துப்பாக்கி ரவைக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மற்றக் கையையும் நீட்டி, "அப்படியென்றால் நன்றாகப் பூசு" என்றார்.

உம்மிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர். சொல்ல ஆளில்லாததால் எழுதுகிறேன்.

இக்காஸ்டில் அந்தப் பின்னல் ஆலையில் நாம் இருவரும் ஒரே ஷிஃப்டில் நின்ற காலம் அது. இயந்திரம் திருத்துகிற டெனிஷ்காரர் பெண்ட், சாப்பாட்டு அறையில் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து, புதன்கிழமைகளில் தான் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவதாகவும் புதியவர்களும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். மரியாதைக்குச் சொன்ன கதை என்றுதான் நான் நினைத்தேன். நீர் அன்று பின்னேரமே என் குசினிக்குள் வந்து நின்று, "நான் புதன்கிழமை பெண்டோடை போறன்" என்றீர்.

முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த உம்முடைய அண்ணை சத்தத்தைக் குறைத்தார். என் கணவராக இருந்தாலும் உம்முடைய விஷயத்தில் அவர் முதலில் அண்ணன்தான்.

"எங்கை போறாய்?"

"சுட."

"ஆரை?"

"கடதாசியை, அண்ணை."

அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அந்த வீட்டில் துவக்கு என்ற சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை என்பது உமக்கும் தெரியும். உங்களுடைய தம்பி ஊரில் சந்தியில் சூடு பட்டு இறந்தவர். அவருடைய படம் அந்த முன்னறைச் சுவரில்தான் தொங்குகிறது. உம்முடைய மனுசன் நோயில் போனபிறகு, எங்களுக்கு அடுத்த தெருவில் நீர் தனியாக இருந்தீர். தனிமை பொறுக்காமல் ஏதோ கதைக்கிறீர் என்று எண்ணி, அவர் போனபிறகு நான் மெதுவாகக் கேட்டேன். நீர் வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொன்னீர்:

"சத்தம் கேட்டு ஓடி ஓடியே இஞ்சை வந்தனான், மச்சாள். ஒருக்காவது அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலை அசையாமல் கிடக்க ஏலுமோ எண்டு பார்க்கவேணும்."

முதல் புதன்கிழமை உம்மால் ஏலவில்லை. பாயில் படுத்து, துவக்கைத் தோளில் வைத்து, அப்படியே கிடந்துவிட்டு எழும்பிவிட்டீர். பெண்ட் கோப்பி ஊற்றித் தந்தாராம். அடுத்த புதனும் போனீர். அன்று சுட்டீர். வந்து எனக்குச் சொன்னபோது உம்முடைய தோள் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதைக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைப்போல நின்றீர்.

ரவை, அதன் பித்தளைக் கோது, கோதின் நுனியிலிருந்து பறக்கும் சன்னம். இந்தச் சொற்களையெல்லாம் நாங்கள் ஊர்ச் செய்திகளில் கேட்ட பயத்தோடு மட்டுமே வைத்திருந்தோம். நீர்தான் அவற்றை உப்பு, புளி, தூள் என்கிற மாதிரிச் சாதாரணமாகப் புழங்க எனக்குப் பழக்கினீர்.

சில வருடங்களில் கழகத்தில் நல்ல சுடுகாரர் என்று பெயர் எடுத்துவிட்டீர். ஆனால் ஒரு குறை விடாமல் இருந்தது. இருநூறு மீற்றர் தூரத்தில் உம்முடைய சூடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். இடையில் ஒன்று மட்டும் எங்கோ விலகிப் போகும். மூச்சைப் பாரும், விசையை அவசரமாக இழுக்கிறீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நீர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தச் சூடு நல்லாத்தான் போனது. என்ரை கை எனக்குத் தெரியும்" என்றீர். பெண்ட் ஒருநாள் தான் வீட்டில் நிரப்பிய ரவைகளைக் கொண்டுவந்து உம்முடைய துவக்கில் உம்மையே சுட வைத்தார். விலகிப் போகிற சூடு அன்று வரவில்லை. கடையில் வாங்கும் ரவைதான் உம்முடைய துவக்கோடு ஒத்துப்போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீரே ரவை நிரப்புவது என்று முடிவெடுத்தீர். வகுப்புக்குப் போனீர், பொலிசில் அனுமதி எடுத்தீர், வெடிமருந்து வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கினீர். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அச்சு வாங்குகிற இடத்தில்தான் நின்றுவிட்டோம்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்காது. நீர் என் குசினி மேசையில் ஒரு கோதை நிறுத்தி வைத்து விளங்கப்படுத்தினீர். சுடுகிறபோது பித்தளைக் கோது வீங்கி, துவக்குக்குள் ரவை இருக்கும் அறை எந்த வடிவமோ அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. திரும்பவும் அதை நிரப்ப வேண்டுமென்றால் அமுக்கிச் சிறிதாக்க வேண்டும். அதற்குத்தான் 'டை' என்று சொல்லும் உருக்கு அச்சு. கோதின் உடம்பு முழுவதையும் அமுக்குகிற அச்சும் உண்டு, சன்னத்தைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் அமுக்குகிற அச்சும் உண்டு. சன்னத்தை நேராக உள்ளே இறக்க வேறொரு அச்சு.

"இதிலை எதை எடுக்கிறது எண்டதுதான் எல்லாம்" என்றீர். "மெத்த அமுக்கினால் பித்தளை களைச்சுப்போகும். காணாமல் அமுக்கினால் துவக்குக்குள்ளை போகாது. கோணலாய் அமுக்கினால் சன்னம் கோணலாய் நிக்கும், கோணலாய்த்தான் பறக்கும்."

கடைக்காரர் எல்லோரும் வாங்கும் சாதாரணப் பெட்டியை எடுத்துக் காட்டினார். பெண்ட் தன்னிடமிருந்த கழுத்து அச்சை இரவல் தர முன்வந்தார். கோது அறையின் வடிவத்தை எடுத்தபிறகு அதை ஏன் குழப்பவேணும், கழுத்தை மட்டும் பிடித்தால் போதும் என்பது அவருடைய கட்சி. நானும் அவர் பக்கம் நின்றேன். "மனுசன் எவ்வளவு காலமாய்ச் சுடுறார். அவரின்ரை அச்சையே எடும்" என்றேன். நீர் அரை மனத்தோடு ஓம் என்றீர்.

அந்தக் குளிர்காலம் நல்லாகத்தான் போனது. பெண்டின் அச்சில் அமுக்கி நிரப்பிய ரவைகள் ஒரே இடத்தில் போய் விழுந்தன. நீர் இலக்குக் கடதாசிகளைக் கொண்டுவந்து என் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போவீர். உம்முடைய அண்ணை பால் எடுக்கும்போது அவற்றைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்.

விபோர்க்கில் நடந்த வசந்தகாலப் போட்டி உமக்கு மறந்திருக்காது. மாவட்ட அணிக்கு ஆட்களைத் தெரிந்தெடுப்பதற்கான முதல் போட்டி. கார் ஓட்ட நான் வந்தேன். மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. உம்முடைய முதற் சூடுகள் எல்லாம் நடுவில். அதற்குப் பிறகு ஒரு ரவையை உள்ளே தள்ளிவிட்டு, அறையை மூடும் போல்ட்டைப் பூட்டப் போனபோது அது இறுகி நின்றது. பலமாக அமுக்கினீர். பூட்டியது. ஆனால் உம்முடைய தோள் அசைந்துவிட்டது, படுத்த படுக்கை குலைந்துவிட்டது. அடுத்ததும் இறுக்கம். அதற்கடுத்ததும். கழுத்தை மட்டும் அமுக்கி அமுக்கிச் சுட்ட கோதுகள், ஒவ்வொரு முறையும் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கடைசியில் அறைக்குள் போக மறுத்துவிட்டன. ஒவ்வொரு சூட்டுக்கும் நீர் துவக்கைத் தோளிலிருந்து எடுத்து, தள்ளி, திரும்பப் படுத்தீர். நேரம் முடிகிற மணி அடித்தபோது உம்மிடம் சுடாத ரவைகள் மிஞ்சியிருந்தன.

இக்காஸ்ட் வரும்வரை சுடாத ரவைகளை மடியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தீர். இனி இதை விட்டுவிடப் போகிறீர் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் நிம்மதி வரும் என்று ஒரு மனம் ஆறுதலும் பட்டது. காரை விட்டு இறங்கும்போது சொன்னீர்:

"பெண்டின்ரை அச்சிலை பிழையில்லை. என்ரை துவக்குக்கு அது சரிவராது. அவ்வளவுதான்."

தோற்றுவந்த அன்றைக்கு இன்னொருவரைக் குறை சொல்லாத ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஜெபிக்கப் போகிற சபையிலும் கண்டதில்லை, ஆலையிலும் கண்டதில்லை.

பெண்டுக்கு மனம் நொந்துதான் போனது. "இந்த அச்சால் நான் ஒரு போட்டியும் இழந்ததில்லை" என்றார். நீர் டெனிஷில், சொல்லுக்குச் சொல் தேடி, ஆனால் தயங்காமல் சொன்னீர்: நீங்கள் குறைவாக வெடிமருந்து போடுகிறீர்கள், உங்கள் கோது பெருப்பதில்லை, என் துவக்கின் அறை வேறு, எனக்கு உடம்பையும் அமுக்கவேண்டும், ஆனால் கொஞ்சமாக. பெண்ட் எழும்பிப் போனார். அடுத்த புதன்கிழமை ஆலையில் பாவித்த தன்னுடைய முள் அளவுகோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கழகத்து மேசையில் வைத்தார். "அளப்போம்" என்றார்.

அந்த வாரங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அமுக்கிய கோதை இரண்டு தாங்கிகளில் கிடத்தி மெதுவாக உருட்ட வேண்டும். முள் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கழுத்து நேராக இருந்தால் முள் அசையாது; கோணலாக இருந்தால் துள்ளும். உமக்குக் கண்ணாடி போட்டாலும் சரிவராது என்பதால் முள்ளைப் பார்க்கிற வேலை எனக்கு. கடைக்காரர் காட்டிய சாதாரண அச்சையும் இரவலாக எடுத்துவந்து பார்த்தோம். அதில் அமுக்கிய கோதுகளுக்கெல்லாம் முள் துள்ளியது. அந்த அச்சின் நடுவில் ஒரு சிறிய உருக்குக் குண்டு இருக்கிறது. கோதை வெளியே இழுக்கும்போது அது கழுத்தை உள்ளிருந்து விரித்துக்கொண்டு வரும். வருகிற வழியில் கழுத்தையும் ஒரு பக்கம் இழுத்துவிடும். பெண்ட் குண்டைக் கழற்றிவிட்டு இன்னொரு கோதை அமுக்கினார். நான் உருட்டினேன். முள் அப்படியே நின்றது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்றைக்குக் கோப்பியோடு கேக் வாங்கித் தந்தவர் பெண்ட்.

கடைசியில் நீர் தெரிந்தெடுத்தது, உடம்பு முழுவதையும் அமுக்கும், ஆனால் கழுத்துக்கு மாற்றி மாற்றிப் போடக்கூடிய வளையம் உள்ள அச்சு. குண்டு தேவையில்லை. எந்த அளவு வளையம் போடுகிறோமோ அந்த அளவுக்கு மட்டும் கழுத்து சிறுக்கும். முதலில் வாங்கிய வளையம் நீர் தெரிந்தெடுத்ததுதான், அது பிழைத்துப்போனது. மெத்த இறுக்கம். சன்னத்தை இறக்கும்போது கைப்பிடி கனத்தது, அதன் மேலிருந்த செம்பு சீவல் சீவலாக வந்தது, இலக்கில் சூடுகள் பரந்து போயின. நீர் வெட்கப்படவில்லை. சன்னம் வைத்த ரவையின் கழுத்தை அளந்து, அந்த அளவைவிட மயிரிழை மட்டும் சிறிதான, முதலாவதைவிடப் பெரிய வளையத்தை எடுத்தீர்.

"கழுத்தைப் பிடிக்கவேணும், நெரிக்கக் கூடாது" என்றீர். அதை பெண்டுக்கு நான்தான் டெனிஷில் சொன்னேன். அவர் அதை ஒரு துண்டில் எழுதி ரவை நிரப்பும் அறைக் கதவில் ஒட்டினார்.

கோதின் கழுத்துக்குக் கீழுள்ள தோளைப் பின்னுக்குத் தள்ளுகிற அளவு ஒரு கடதாசித் தாளின் தடிப்புக்கும் குறைவு. அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகி, போல்ட்டை ஒற்றை விரலால் விட்டால் தானே விழுந்து பூட்டும்வரை நீர் விடவில்லை. சன்னம் இறக்குவதற்கு, கோதையும் சன்னத்தையும் ஒரே குழாய்க்குள் பிடித்து நேராக வைத்திருக்கும் அச்சைத் தெரிந்தெடுத்தீர். எல்லாம் கூடி வந்த அன்று சுட்ட கடதாசியில் துளைகளைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கிழிந்த ஓட்டை ஒன்றுதான் இருந்தது. அதை என் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபோது உம்முடைய அண்ணை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மற்றச் சூடுகள் எங்கை?" என்று கேட்டார். "எல்லாம் அதுக்குள்ளைதான்" என்றேன்.

புற்றுநோய் வந்தது அதற்குப் பிறகு. மருந்து ஏற்றத் தொடங்கிச் சில வாரங்களில் உம்முடைய விரல்நுனிகள் மரத்துப்போயின. தேநீர்க் கோப்பை சுடுவதே தெரியாது. ஒருநாள் கழகத்து அறையில் ஒரு கோது உம்முடைய கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தீர், திரும்பவும் விழுந்தது. நீர் அதை நிலத்திலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்.

"மச்சாள், இனி உம்முடைய கைதான்."

நான் வகுப்புக்குப் போக வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்ன அன்று உம்முடைய அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். நீரும் அங்கே கதிரையில் போர்வை போர்த்துக்கொண்டு இருந்தீர். அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு, "இவனைக் கொன்றதும் இதுதான்" என்றார்.

"தெரியும், அண்ணை" என்றீர். "சந்தியிலை இருந்து அவனைத் தூக்கினது நானும்தானே. நீங்கள் தலையைப் பிடிச்சனீங்கள், நான் காலைப் பிடிச்சனான்." போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னீர்: "அண்டைக்குத் துடங்கின நடுக்கம். அந்தப் பாயிலை கிடக்கிறபோது மட்டும்தான் அது நிக்கிறது. எனக்கு இதைவிட வேறை மருந்து தெரியாது."

அடுத்த நாள் காலை என்னை வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் இறக்கியவர் அவர்தான்.

பிறகு நான் அமுக்க, நான் நிரப்ப, நீர் பக்கத்தில் இருந்து பார்த்தீர். பெண்ட் கதவடியில் நின்றார். நான் செய்த ஒவ்வொரு ரவையையும் முள்ளுக்குக் கீழே உருட்டிப் பார்க்கச் சொல்வீர். கொஞ்சம் துள்ளினாலும், "இது போட்டிக்கில்லை, பழகச் சுடலாம்" என்று ஒதுக்கிவிடுவீர். எனக்குக் கோபம் வரும். ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்: "உம்மைப் பாடாய்ப் படுத்தின உம்முடைய மாமி எனக்கு மாமியாராய் வந்திருந்தாலும் இவ்வளவு பிழை பிடிச்சிருக்கமாட்டா." நீர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டீர். அன்றைக்குப் பின்னேரம் ஒதுக்கின பெட்டியில் ஒன்றும் விழவில்லை. அந்த வெறும் பெட்டியைத் தூக்கிப் பெண்டுக்குக் காட்டினீர். எனக்கு அது காணும்.

கோடையில் நடந்த கடைசித் தெரிவுப் போட்டிக்குப் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லவில்லை. களைத்தால் நிறுத்தும் என்றார். நீர் நிறுத்தப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். விரல்நுனியால் விசையை உணர முடியாது என்பதால், விரலின் முதல் மடிப்பை விசையில் வைத்து இழுக்கப் பழகியிருந்தீர். அங்கேதான் கொஞ்சம் உணர்ச்சி மிஞ்சியிருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தை ஒரு நோய்க்காக மாற்றி, புதிதாகப் பழகி, அதையும் மற்றவர்களுக்குச் சரிசமமாகச் செய்தீர்.

காலையில் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது உம்முடைய அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னாசனத்தில் ஏறினார். எங்கே என்று நாம் இருவரும் கேட்கவில்லை.

சுடும் இடத்தில் பெண்ட் அவருக்குக் காதுமூடி கொடுத்தார். முதற் சூடு வெடித்தபோது அவருடைய உடம்பு முழுவதும் ஒருமுறை அதிர்ந்ததை நான் பார்த்தேன். வாகனத் தரிப்பிடம் பக்கம் திரும்பினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வேலிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பவும் உம்மைப் பார்த்து நின்றார். நீர் பாயில் நீட்டிக் கிடந்தீர். தலைமயிர் கொட்டிய தலையில் அந்த நீலத் துணித் தொப்பி. பக்கத்தில் எல்லோரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள், காற்றே வெடித்துக்கொண்டிருந்தது. உம்முடைய முதுகு மட்டும் நித்திரை கொள்கிறவரின் முதுகு மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது. போல்ட் ஒவ்வொரு முறையும் தானே விழுந்து பூட்டியது. ஒருமுறைகூட நீர் துவக்கைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

அவர் என் காதுமூடியைத் தூக்கி, "அவள் அசையேல்லை" என்றார். "பாத்தீரோ, அவள் அசையேல்லை."

நீர் முதலாவதாக வரவில்லை. மேலே பலர் இருந்தார்கள். அணிக்கு எடுத்த பெயர்களில் உம்முடைய பெயர் கடைசி. அறிவித்தவர் அதைச் சொல்லச் சிரமப்பட்டார், பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார். அவர் முடிக்குமுன் எங்கள் கழகத்து ஆட்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். உம்முடைய அண்ணை கைதட்டவில்லை. உம்மிடம் நடந்து போய், நீர் கொண்டுவந்த பாயைச் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் உம்முடைய சாமான் ஒன்றையும் அவர் கையால் தொட்டதில்லை.

அணிக்காக நீர் ஒரு போட்டியும் சுடவில்லை. நேரம் தரவில்லை. ஆனால் அணிச் சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தீர். ஜெபிக்க வந்த பாஸ்டர் அதில் சுடும் அணி என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டுக் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நீர் கண்ணை மூடிக்கொண்டே, "நல்லா வாசியுங்கோ, பாஸ்டர்" என்றீர்.

உம்முடைய அடக்க ஆராதனையில் நடந்ததை நீர் காணவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

சபை நிறைந்த ஆட்கள். பின் வாங்கில் பெண்டும் கழகத்து ஆட்களும், கழகச் சட்டையோடு, தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். முன்னால் ஒவ்வொருவராக வந்து உம்மைப் பற்றிச் சொன்னார்கள். நல்லாகத்தான் சொன்னார்கள். ஆலையில் உழைத்தவ, நோயாளிகளைப் போய்ப் பார்த்தவ, சபைச் சமையலுக்கு முதல் ஆளாய் நின்றவ. எல்லாம் உண்மை. ஒருவரும் சுடுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடக்கத்தில் சொல்லக்கூடாத ஏதோ ஒன்றை நீர் செய்த மாதிரி அதை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனார்கள். எழும்பலாமா என்று நான் யோசிக்கும்போதே என் பக்கத்தில் இருந்தவர் எழும்பிவிட்டார்.

உம்முடைய அண்ணை மேடையில் டெனிஷ் கதைத்து நான் கண்டதில்லை. கடையில்கூட என்னைத்தான் முன்னால் விடுவார். அன்று அவர் முதலில் தமிழில் சொன்னார், பிறகு பின் வாங்கைப் பார்த்து டெனிஷில் சொன்னார். பிழை பிழையாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

"என்ரை தங்கச்சி ஒரு சுடுகாரி. இந்த மாவட்டத்து அணியிலை இடம் எடுத்தவள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் நாடு விட்டு வந்தம். நான் இண்டைக்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறன். அவள் பயத்தை வெண்டுபோட்டுப் போறாள். இதைச் சொல்லாமல் அவளைப் புதைக்க எனக்கு ஏலாது."

பெண்ட் எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு எங்கள் ஆட்களும் எழுந்தார்கள், ஏன் எழும்புகிறோம் என்று சிலருக்குத் தெரிந்திருக்காது. சபை முழுவதும் உமக்காக எழுந்து நின்றது, மச்சாள்.

இப்போது உம்முடைய துவக்கு என்னுடைய பெயரில் இருக்கிறது. அனுமதி கிடைக்க நாளெடுத்தது; அதுவரை பெண்ட் அதைக் கழகத்தில் பூட்டி வைத்திருந்தார். அந்த அச்சுகள் அந்தத் துவக்குக்கென்றே அளந்து எடுத்தவை என்பதால் அவற்றையும் பிரிக்கக்கூடாது என்று பெண்ட் சொல்லி எல்லாவற்றையும் ஒன்றாகவே தந்தார். நீர் வைத்த அளவை நான் இன்னும் மாற்றவில்லை. என் சூடுகள் உம்முடையதைப்போல் ஒட்டுவதில்லை. ரவையில் குற்றமில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகையால் பழகவேண்டியது நான்தான். அப்படி ஒரு நிச்சயத்தோடு ஒரு வேலையைத் தொடங்க எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

போன மாதம் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு கலியாண வீடு. எங்கள் சொந்தத்தில் தூரத்து முறை. முகம் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் வந்து இருந்து, எந்த வீட்டுப் பிள்ளை என்று எங்கள் ஆட்கள் கேட்கிற மாதிரியே, "பிள்ளை, நீங்கள் ஆற்றை ஆள்?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்வேன், இல்லாவிட்டால் இவருடைய பெயரைச் சொல்வேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அன்றைக்கு நான் யோசிக்கக்கூட இல்லை. "இக்காஸ்டிலை ஒரு சுடுகாரி இருந்தவ, கேள்விப்பட்டிருப்பியள்" என்றேன். "நான் அவவின்ரை மச்சாள்."